சிங்கி இறால்: நண்டா, இறாலா?

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து எனக்கு உட்காரவும் பிடிக்கவில்லை, நிற்கவும் பிடிக்கவில்லை. காரணம், செம்பூரில் என் கிச்சன் சிங்க்கில் மீசையை நீட்டிக்கொண்டு கிடந்த ஒரு சிங்கி இறால்.

மகளின் கல்யாணத்தைப் பேசி முடிக்க சான்பாடாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். பெண்ணும் பையனும் ஒரே ஆபீஸ், பிடித்துப்போய்விட்டது. சிக்கல் சாப்பாட்டில்தான். முஸ்லிம்களில் நாங்கள் ஷாஃபி பிரிவு, கடலோரத்துக்காரர்கள். கடலில் கிடைப்பதெல்லாம் எங்களுக்கு ஆகும். அவர்கள் ஹனஃபி பிரிவு, பாளையங்கோட்டைப் பக்கம். இறாலை மீன் கணக்கில் சேர்த்துச் சாப்பிடுவார்கள். நண்டு? மூச்! என் மகளோ நண்டுக் காலை உறிஞ்சியே வளர்ந்தவள். இந்த ஒன்றிலேயே சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று எனக்கு ஒரே பயம்.

“பெரிய எறாலா வாங்கிட்டு வாங்க மச்சான்” என்றுதான் வீட்டுக்காரரை மார்க்கெட்டுக்கு அனுப்பினேன். பெரிசாகத்தான் வாங்கி வந்தார்!

“இது எறாலா, நண்டா?”

“அரே, வாலைப் பாரு புள்ள... பக்கா எறாலு. டென்ஷன் எடுக்காத.”

வால் இறால்தான். ஓடு? என் கணக்கு சுலபம் — நகத்தால் உரிந்தால் இறால், குழவியால் உடைத்தால் நண்டு. இது குழவிக்கும் லேசில் மசியவில்லை. சரி, காலை எண்ணிப் பார்க்கலாமே? இறாலுக்கு எத்தனை கால் என்று இத்தனை வருஷம் உரித்த எனக்கே தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

தாராவியில் இருக்கும் லாத்தாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, போன் போட்டேன்.

“பேருலயே எறால் இருக்குல்லா? சட்டிய வையி” என்றாள்.

பேரில் இருந்தால் போதுமா? வைத்தேன். இறக்கினேன். மறுபடி பயம். மூடி, மேடையின் கோடிக்குத் தள்ளிவிட்டேன். விருந்துக்குக் கோழியும் சாதா இறாலும் மட்டும் போயின.

சாப்பிட்டு முடித்ததும் பையனின் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கிச்சனுக்குள் வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருக்கக் கூடாதா... மூடியைத் திறந்துவிட்டார்.

“இது என்னது, நண்டா?”

“எறால்னு... சொல்லுதாங்க.”

அவர் மூடியைத் திரும்ப வைத்தார். “எங்களுக்கு வேண்டாம். ஒங்க மவ திம்பால்லா?”

பொய் சொல்ல வரவில்லை. “உசுரு” என்றேன்.

“மவன் சொன்னான். அவளுக்குன்னு சட்டியும் கரண்டியும் தனியா வாங்கி வச்சிட்டேன். நண்டோ எறாலோ, அதுல ஆக்கிக்கிடட்டும்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாத்திரம் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

ஒன்றுதான் உறுத்துகிறது. சட்டி என்ன சைஸ் என்று கேட்காமல் விட்டுவிட்டேன்... பாவம், என் மகளைப் பற்றி அவருக்கு முழுசாகத் தெரியாது!