யாரிடமும் இல்லாத கடைசிப் பாடம்

ஜெயகாந்தின் கணினிக்குத் திரை கிடையாது. கண் தெரியாதவனுக்குத் திரை எதற்கு என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். விசைப்பலகையும் ஒலிபெருக்கியும் அவருக்குப் போதும். கணினியில் நடப்பதையெல்லாம் ஒரு பெண்குரல் வாசித்துச் சொல்லும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பின்னாலுள்ள அவர் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள், உள்ளே யாரோ விருந்தாளி பேசிக்கொண்டிருப்பதாக நினைத்து வாசலிலேயே தயங்கி நிற்பதுண்டு.

பெப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றில், தரவிறக்கம் எவ்வளவு முடிந்தது என்று சொல்லிவந்த அந்தக் குரல் ஒரே எண்ணில் நின்றுவிட்டது. எழுபத்தொரு சதவீதம். காலையில் கேட்டார், எழுபத்தொன்று. பூசைக்குப் போய் வந்து கேட்டார், எழுபத்தொன்று. மறுநாள் வேலைக்குக் கிளம்பும் முன் கேட்டார். குரல் கொஞ்சமும் சலிப்பில்லாமல் அதையே சொல்லிற்று.

"என்னாங்க, அந்தப் பொம்பளைக்கு வேற நம்பரே தெரியாதா?" என்று மனைவி மதுஷிகா குசினியிலிருந்து கேட்டாள்.

ஜெயகாந்த் சிரிக்கவில்லை.

அவர் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். நான்கு வயதில் வந்த சின்னமுத்து என்ற அம்மைக் காய்ச்சல் கண்ணைக் கொண்டுபோனது. பார்வையற்ற பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் படித்து, மாத்தளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் தொலைபேசி இணைப்பாளராகச் சேர்ந்தார். அழைக்கிறவர் 'ஹலோ' சொன்னதும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். காணிப் பிரச்சினைக்குப் பேசுகிறவரின் மூச்சும் ஓய்வூதியத்துக்குப் பேசுகிறவரின் மூச்சும் வேறு வேறு என்பது அவர் கட்சி. இருபது வருடம் அந்தக் கதிரையில் இருந்தார். பிறகு, அழைப்புகளைத் தானே இணைக்கும் பெட்டியொன்றைக் கந்தோரில் பூட்டினார்கள்.

மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு இருக்கச் சொன்னார். தேநீரும் வரவழைத்தார். அந்தத் தேநீர்தான் ஜெயகாந்தைப் பயமுறுத்தியது.

"வருசக் கடைசியோட இந்த வேலை இல்லாமப் போகுது. ஆனா உள்ளுக்குள்ள இருக்கிறவங்களுக்கு எழுதுவினைஞர் பரீட்சை ஒண்ணு வருது. அதைப் பாஸ் பண்ணிட்டா உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல, ஜெயகாந்த்."

"பாஸ் பண்ணாட்டி, சேர்?"

அதிகாரி தேநீரை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வயதெல்லையின்படி ஜெயகாந்த் எழுதக்கூடிய கடைசிப் பரீட்சை அதுதான் என்பது இருவருக்கும் தெரியும்.

அந்தப் பரீட்சைக்கு மலையகத்திலும் வெளியிலும் இருந்த பார்வையற்ற தமிழ் உத்தியோகத்தர்கள் எல்லோரும் நம்பியிருந்தது ஒரே குரலைத்தான். அது மாரிமுத்து ஐயாவின் குரல். தோட்டத்துப் பையனாக இருந்து ஒரு கந்தோரின் பெரிய கிளாக்கராக ஓய்வுபெற்றவர். அரச ஊழியர் விதிக்கோவையைத் தன் சொந்த உதாரணங்களோடு, எந்தக் காகிதமும் இல்லாமல், வாயாலேயே பாடமாகச் சொல்லக்கூடியவர். ரிவர்ஸ்டனுக்குப் போகும் வழியில் குடியிருக்கும் நோபர்ட் அவருடைய பால்ய சிநேகிதர். சர்க்கரை வியாதியில் பார்வை இழந்தவர். நோபர்ட்டின் கணினியில்தான் பாடங்கள் முழுவதும் பதிவாயின. ஒலிப்பதிவு முடிந்த மாதத்திலேயே மாரிமுத்து ஐயா இறந்துபோனார்.

அத்தனை மணி நேர ஒலியை வைக்க இணையத்தில் இடம் வாடகைக்கு எடுக்கும் வசதி அந்தப் பரீட்சைக்காரர்களின் வட்டத்துக்கு இல்லை. கைத்தொலைபேசி வழியாக அனுப்பிப் பார்த்ததில் பாதி தொலைந்தது. ஆகவே கணினிக்குக் கணினி பகிரும் முறைக்கு வந்தார்கள். மொத்தப் பதிவையும் ஆயிரக்கணக்கான துண்டுகளாக உடைத்து, ஒரு துண்டு கிடைத்தவர் அதைக் கிடைக்காதவருக்குக் கொடுக்க வேண்டும். சாவு வீட்டுக்கு லயத்திலுள்ளவர்கள் ஆளுக்கு இரண்டு கதிரை தூக்கி வருவதுபோலத்தான். ஒருவரிடமே எல்லாக் கதிரையும் இருக்கத் தேவையில்லை. வாங்கிக்கொண்டிருக்கும்போதே கொடுத்துக்கொண்டும் இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி.

எழுபத்தொன்றில் நின்றதும் ஜெயகாந்த் இணையக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தார். ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினாள். வேகத்தை அளந்து பார்க்கும்படி சொன்னாள். அளந்தார். வேகம் பிரமாதமாக இருந்தது. சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். தடங்கலில்லாமல் ஓடியது.

"அப்படீன்னா உங்க லைன்ல பிழை ஒண்ணும் இல்ல, சேர்."

அன்று மாலையே கணினி திருத்தும் ரொமேஷ் வீட்டுக்கு வந்தான். ஊர் முழுக்க வாய். ஆனால் கைவேலை சுத்தம். சற்று நேரம் தட்டிப் பார்த்துவிட்டு நாக்கால் ஒரு சத்தம் எழுப்பினான்.

"ஜெயாண்ணே, அவனுங்க ரோட்ட மூடல. உங்க வண்டிய மட்டும் மறிக்கிறானுங்க. பாட்டு, படம், ஸ்பீட் டெஸ்ட் எல்லாத்துக்கும் கேட் தொறந்திருக்கு. இப்பிடி ஆளுக்காள் பங்கு போடுற ட்ராஃபிக்கைக் கண்டா மட்டும் கழுத்தப் பிடிக்கிறானுங்க."

"ஏன்டா? நாங்க படிக்கிற பாடம் அது."

"அவனுக்கு அது பாடமா படமான்னு தெரியாது. ரெண்டும் ஒரே மாதிரித்தான் போகும். கூடக் குடுக்கிறவன் யாருன்னு பாக்குறான், அவன் லைனைப் பிடிச்சு அமுக்குறான்."

"இப்ப என்னா செய்யச் சொல்ற?"

"குடுக்கிறத நிப்பாட்டுங்க. வாங்குறத மட்டும் விடுங்க. அந்த இத்துனூண்டு ஓட்டையில உங்களுக்கு வேண்டியது மட்டுமாச்சும் வரும்."

ஜெயகாந்துக்கு அது உறுத்தியது. ஆனாலும் ரொமேஷ் கைவைத்து மாற்றிவிட்டுப் போன மறுநாள் காலையில் பெண்குரல் எண்பத்து மூன்று என்றது. ஜெயகாந்த் மேசையைத் தட்டி மதுஷிகாவைக் கூப்பிட்டார். அவ்வளவு சந்தோசம். அந்தச் சந்தோசத்தோடேயே தொலைபேசியை எடுத்து, வட்டத்தில் இருந்த அனைவருக்கும் குரல் செய்தி ஒன்றைப் பதிந்து அனுப்பினார்:

"எல்லாருக்கும் வணக்கம். லைன் ஸ்லோவானதுக்குக் காரணம் தெரிஞ்சு போச்சு. யாரு குடுக்குறாங்கன்னு கம்பனி பாத்துக்கிட்டு இருக்கு. குடுக்கிறவங்க லைனைத்தான் பிடிக்குது. எல்லாரும் குடுக்கிறத நிப்பாட்டுங்க. வாங்க மட்டும் செய்ங்க. எனக்கு ஒரே ராத்திரியில பன்னிரண்டு கூடிருச்சு."

நன்றி சொல்லிச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. யட்டவத்தையிலிருந்து விஜிதா என்ற பெண், பிரதேச செயலகத்தில் அவரைப்போலவே இணைப்பாளராக இருப்பவள், "அண்ணே, நீங்க இல்லாட்டி நாங்க முழிச்சிக்கிட்டுத்தான் இருந்திருப்போம்" என்று அனுப்பினாள்.

அதற்குப் பிறகு எண்கள் சோம்பின. எண்பத்து மூன்று மெல்ல எண்பத்தைந்து ஆகி அங்கேயே நின்றது. யாருடைய எண்ணும் நகரவில்லை. முதலில் அவர் கம்பனியைத் திட்டினார். நாலைந்து நாள் போனபின், கந்தோரில் சும்மா இருந்த ஒரு மதியப்பொழுதில், அவருக்குச் சட்டென்று உறைத்தது. எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கொடுக்கிற கை ஒன்றுகூட இல்லை. கம்பனி கழுத்தை நெரித்ததோ இல்லையோ, மூச்சை முழுதாக நிறுத்தச் சொன்னது அவரே அல்லவா?

உடனே மறுசெய்தி அனுப்பினார். எல்லோரும் திறந்துவிடுங்கள், மெதுவாக வந்தாலும் பரவாயில்லை என்று கெஞ்சினார். ஒவ்வொருவராகத் திறந்தார்கள். எண்கள் நொண்டி நொண்டி ஏறின. தொண்ணூற்று நான்கு வந்தது. விஜிதாவுக்கும் தொண்ணூற்று நான்கு. வட்டத்திலிருந்த பண்டாரவளைக்காரர் ஒருவருக்கும் தொண்ணூற்று நான்கு. அதற்கு மேல் யாருக்கும் ஏறவில்லை. எல்லோரிடமும் ஒரே துண்டுகள் இருந்தன. எல்லோரிடமும் இல்லாமலிருந்ததும் அதே துண்டுகள்தான். இல்லாதது கடைசிப் பாடம். ஒழுக்காற்று விசாரணையும் குற்றப்பத்திரம் எழுதும் முறையும்.

அது முழுதாக இருந்தது நோபர்ட்டிடம் மட்டும். அவருடைய தொலைபேசியோ அடிக்கவே இல்லை.

சனிக்கிழமை காலை மதுஷிகாவோடு ரத்தோட்டை பஸ் ஏறினார். அங்கிருந்து த்ரீவீலர். ஏற ஏறக் காற்று குளிர்ந்து, வளைவுகளில் பனி முகத்தில் ஈரத்துணிபோலப் பட்டது. சாரதி வேகத்தைக் குறைத்து ஹோர்ன் அடித்துக்கொண்டே போனான்.

"முன்னுக்கு ஒண்ணுமே தெரியல, ஐயா."

"எனக்குப் பழக்கம்தான், நீங்க ஓட்டுங்க" என்றார் ஜெயகாந்த். அன்றைக்கு அவர் பேசிய ஒரே பகிடி அது.

கதவைத் திறந்தது நோபர்ட்டின் மனைவி டொறீன். அவள் குரலில் வழக்கமான கலகலப்பு இல்லை. வீட்டுக்குள் புகை வாசனையோடு பிளாஸ்டிக் கருகிய நெடியும் கலந்திருந்தது.

"வாங்க தம்பி. வாங்க புள்ள. உள்ளுக்குத்தான் இருக்காரு. பேசுறது கொறைவு."

நோபர்ட் கதிரையில் அசையும் சத்தம் கேட்டது.

"யாரும் பின்னால வரலியே?"

"யாரு வரப் போறா, ஐயா? நாங்க ரெண்டு பேருந்தான்."

"ஃபோனை வெளிய வச்சிட்டு வாங்க."

ஜெயகாந்த் தொலைபேசியை மதுஷிகாவிடம் கொடுத்தார். அவள் அதை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள்.

"கம்பனிக்காரன் எனக்கு மெசேஜ் அனுப்பினான்" என்றார் நோபர்ட். "இங்கிலீசுல. மருமகன் வாசிச்சுக் காட்டினான். உங்க லைனைப் பாவிக்கிற விதம் கவனிக்கப்பட்டிருக்கு, நடவடிக்கை எடுக்கப்படும்னு. சரி, என்னாமோன்னு விட்டுட்டேன். அதுக்கு மறுநாள் உங்க குரல் வருது. யாரு குடுக்குறாங்கன்னு பாக்குறானுங்கன்னு."

"ஐயா, அது… அது லைனைப் பத்திச் சொன்னது. ஸ்லோ பண்றாங்கன்னு."

"பாக்குறதுன்னா பாக்குறதுதான், தம்பி. எண்பத்தி மூணு கலவரத்துல மாத்தளைக் கடைத்தெருவுல நான் நின்னவன். எது யாரு கடைன்னு லிஸ்டப் பாத்து வந்தானுங்க. தொண்ணூறுல ஒருக்கா, கோயில் கூட்டத்துக்குப் போனதுக்கு என்னைய ரெண்டு கெழமை உள்ள வச்சிருந்தானுங்க. குடுத்தவன் பேருல மொதப் பேரு என் பேருதான? எல்லாருக்கும் குடுத்தவன் நான்தான?"

"நான் சொன்னேன் தம்பி, தலையில அடிச்சுச் சொன்னேன்" என்றாள் டொறீன். "மாரிமுத்து அண்ணன் பாடஞ் சொன்னத யாரு வந்து பிடிக்கப் போறான்னு. கேட்டாத்தான?"

ஜெயகாந்த் பக்கத்து மேசையைக் கையால் தடவிப் பார்த்தார். "கம்பியூட்டர் எங்கங்க, ஐயா?"

"பெட்டி இருக்கு. உள்ளுக்கு இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி அடுப்புல போட்டேன்."

கூரைத்தகட்டிலிருந்து பனிநீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"வேற கொப்பி ஒண்ணும் இல்லீங்களா? பென்ட்ரைவ், பழைய ஃபோன் எதாச்சும்?"

"எல்லாம் போட்டேன். வச்சிருந்தாத்தானே தேடுவானுங்க." நோபர்ட்டின் குரல் கொஞ்சம் தணிந்தது. "நல்லவேளை நீங்க முன்கூட்டியே சொன்னீங்க. இல்லாட்டி இன்னும் குடுத்துக்கிட்டே இருந்திருப்பேன்."

டொறீன் கோப்பி கொண்டுவந்தாள். ஜெயகாந்த் கோப்பையைக் கையில் வாங்கினார், குடிக்க முடியவில்லை. மாரிமுத்து ஐயா உயிரோடில்லை. கடைசிப் பாடத்தை அவர் எழுதி வைக்கவும் இல்லை. அது இருந்த ஒரே இடம் இந்த வீட்டு அடுப்பில் சாம்பலாகிவிட்டது.

வீடு திரும்பிய மாலை வட்டத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். விஜிதாதான் முதலில் கேட்டாள்: "அண்ணே, போனீங்களாமே? கெடச்சுதா?"

அவர் பதியும் பொத்தானை அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார்.

"நோபர்ட் ஐயாவோட மெஷின் பழுதாப் போச்சு, தங்கச்சி. ஒண்ணும் எடுக்க முடியல."

தன் செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மதுஷிகா பக்கத்திலேயே நின்றாள். கேட்டுவிட்டு விளக்கை ஏற்றப் போய்விட்டாள்.

மிச்சமிருந்த நாட்களில் அவள் அச்சுப் புத்தகத்தை எடுத்து ஒழுக்காற்று விதிகளை வாசித்துக் காட்டினாள். நீள நீளமான வாக்கியங்கள். எங்கே மூச்சு விடுவதென்று வாசிக்கிறவளுக்கும் தெரியவில்லை, கேட்கிறவருக்கும் புரியவில்லை. குற்றப்பத்திரம் என்னென்ன பகுதிகளோடு எழுதப்பட வேண்டும் என்று விதிகள் கூறின. எப்படி எழுதுவதென்று சொல்லிக் காட்டியவர் மாரிமுத்து ஐயா ஒருவர்தான்.

பரீட்சை கண்டியில் நடந்தது. பார்வையற்றவர்களுக்குத் தனி மண்டபம். மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, ஒவ்வொருவருக்கும் விடை எழுதித்தர ஓர் ஆள் கொடுத்திருந்தார்கள். வாசலில் யாரோ அவர் கையைப் பிடித்தார்கள். ஈரமான, சின்னக் கை.

"ஜெயாண்ணே, நான் விஜிதா. எப்பிடியோ, உங்களாலதான் இவ்வளவாச்சும் கெடச்சுது."

"போ தங்கச்சி. நல்லாச் செய்" என்றார் ஜெயகாந்த். கையை அவரே முதலில் விடுவித்துக்கொண்டார்.

பரீட்சை தொடங்கியது. அவருக்கு எழுத வந்தவர் அமைதியான இளம் ஆசிரியர். கேள்வியைத் தணிந்த குரலில் வாசித்தார். விடுமுறை, இடமாற்றம், சம்பள ஏற்றம். மாரிமுத்து ஐயாவின் குரல் காதுக்குள் எழுந்து வந்து சொல்ல, ஜெயகாந்த் அதைத் திருப்பிச் சொன்னார். பேனா விரைந்தது. மண்டபம் முழுவதும் அதே மாதிரி முணுமுணுப்புகள், மழைக்கு முந்திய காட்டுச் சத்தம்போல. சில இடங்களில் பக்கத்து மேசைக்காரர் மாரிமுத்து ஐயாவின் அதே உதாரணத்தைச் சொல்வதுகூடக் காதில் விழுந்தது.

"ஐந்தாவது கேள்வி, கட்டாயம் விடையளிக்க வேண்டும்" என்று ஆசிரியர் வாசித்தார். "பின்வரும் சம்பவத்தில் தொடர்புடைய உத்தியோகத்தருக்கு எதிராகக் குற்றப்பத்திரம் ஒன்றை வரைக."

சம்பவத்தை வாசித்து முடித்துப் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டார்.

ஜெயகாந்த் வாயைத் திறந்தார். தலைப்பு எப்படி வரும்? குற்றச்சாட்டு முதலா, விபரம் முதலா? மதுஷிகா வாசித்த வாக்கியங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. காதுக்குள் மாரிமுத்து ஐயா இல்லை.

அப்போது வலப்பக்கத்து மேசையின் முணுமுணுப்பு நின்றது. கொஞ்சம் பொறுத்துப் பின்மேசை நின்றது. பிறகு ஜன்னலோரத்தில் இருந்தவர். ஒவ்வொருவராக அந்த இடத்துக்கு வந்து சேர்ந்து, ஒவ்வொருவராக அமைதியானார்கள். கடைசியாக, தூரத்து மூலையில் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்த மெல்லிய பெண்குரல், விஜிதாவின் குரல், ஒரு சொல்லின் நடுவில் அறுந்தது.

மண்டபத்தில் மின்விசிறியின் சத்தம் மட்டும் மிஞ்சியது. மேற்பார்வையாளர் எழுந்து நடந்து, யாருக்காவது சுகமில்லையா என்று கேட்டார். அந்த அமைதிக்குக் காரணம் சொல்லக்கூடியவர் அந்த மண்டபத்தில் ஒருவர் மட்டுமே இருந்தார்.

"சொல்லுங்க ஐயா, எழுதுறேன்" என்றார் ஆசிரியர்.