சிவப்புத் தகட்டில் நான்கு பற்கள்

அவரை விதை போல் வளைந்த பீங்கான் பூச்சுத் தட்டு ஒன்று. ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் பிழைக்கத் தெரியாத ரகம். அதில் ஈரத் துணிக்கடியில் ஒரு சிவப்பு ரப்பர் தகடு, தகட்டின் விளிம்பில் நான்கு பற்கள். அவை என்னைப் பார்த்துச் சிரித்தன. திருப்பிச் சிரிக்க எனக்கு வழியில்லை. சிரிப்பதற்கான சாமான்கள் எல்லாம் தட்டில் இருந்தன.

அந்தப் பற்களின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில், சக குமாஸ்தாக்களிடம் வீரம் பேசி, மட்டைத் தேங்காய் ஒன்றைப் பல்லாலேயே உரிக்கப் போனேன். தேங்காய் பாதி உரிந்தது. மேல்வரிசை முன்பற்கள் முழுதாக உரிந்தன. சென்னப்பட்டணம் போய் இந்தத் தகட்டைச் செய்து மாட்டிக்கொண்டு வந்த கையோடு பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அண்ணன் மல்லாட்டை வியாபாரி, அதாவது வேர்க்கடலை. அவருக்குத் தெரிந்த உவமை ஒன்றுதான். "மாப்ள பல்லப் பாருங்கய்யா, தோல் எடுத்த மல்லாட்டைப் பருப்பாட்டம் இருக்குது!" என்று கூடத்துக்கே கேட்கும்படி சொன்னார். அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். காப்பி கொண்டுவந்த பெண் என் பற்களைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தாள். நான் பேசாமல் இருந்துவிட்டேன். ஒரு முறை விழுங்கின பேச்சைப் பிறகு எந்த நாளில் வெளியே எடுப்பது? பல் துலக்கும்போது தட்டிக் கதவைத் தாழிட்டுக்கொள்ளும் புருஷனை, கூச்ச சுபாவக்காரர் என்று என் மனைவி நம்பினாள். அவளுடைய அண்ணனோ திண்டிவனம் கடைவீதியில் என் பல்லுக்கு ஜாமீன் நிற்காத குறை.

யுத்த காலத்தில் எனக்குக் குடல் இறங்கியது. இருக்கிற நோய்களிலேயே மரியாதை குறைந்த நோய் இது. நெஞ்சுவலி என்றால் விசாரிக்க வருகிறவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். இதற்குப் பார்வையைத் தாழ்த்துகிறார்கள். அறுத்துத் தைக்க வேண்டும் என்று விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கேதான் அந்த நர்ஸம்மாவைப் பார்த்தேன். முண்டியம்பாக்கம் பக்கத்துக் கிராமத்துக் கத்தோலிக்கக் குடும்பம். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவர்.

கத்தி வைப்பவர் டாக்டர். ஆனால் கத்தியின் கீழ் வந்து படுக்கிறவன் உயிரோடு எழுந்து போவதற்கு வேண்டிய பல காரியங்கள் அந்த அம்மாளின் பொறுப்பில் இருந்தன என்பது எனக்கு அப்போது தெரியாது. இரகசியமாக இட்லி தின்றிருக்கிறேனா, அரைஞாண் கயிற்றில் தாயத்து இருக்கிறதா, மோதிரம் உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் மனைவியும் மச்சானும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"கட்டின பல்லு எதுனா இருக்குதா சார்?"

"எல்லாம் சொந்தப் பல்தான்" என்றேன். காசு கொடுத்து வாங்கியது சொந்தம்தானே என்று உள்ளே ஒரு குமாஸ்தா எனக்காக வாதாடினான்.

"சரி, வாயத் தொறங்க."

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா இது, சந்தையில மாடு வாங்கறாப்பல பல்லப் புடிச்சிப் பாக்கறீங்க? எங்க மாப்ள பல்லப் பத்தி எங்களுக்குத் தெரியாதா?"

"பதில் சொல்றது அவுரு வேல. பாக்கறது என் வேலங்க" என்றார் நர்ஸம்மா. ஆனால் அதற்குள் டாக்டர் தயார் என்று உள்ளேயிருந்து குரல் வந்துவிட்டது. நர்ஸம்மா வாயைப் பார்க்க நேரமில்லாமல் என் முகத்தை ஒரு முறை பார்த்தார். பொய் சொல்கிறவன் முகம் எப்படியிருக்கும் என்பதை, இட்லி தின்றுவிட்டு இல்லை என்கிறவர்களிடம் தினமும் படித்திருப்பார் போலும்.

உள்ளே மேஜையில் படுக்க வைத்ததும் என் காதருகே குனிந்து, "இங்க உங்க ஆளுங்க யாருமில்ல. இப்பவாவது சொல்லுங்க" என்றார்.

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். இளைஞர். பளிச்சென்ற பல்வரிசை. அவர் காதில் விழுமே என்ற ஒரே காரணத்துக்காக நான் இல்லை என்று தலையாட்டினேன். வயிற்றைக் கிழிக்கப் போகிறவர் முன்னால் வேட்டி இல்லாமல் கிடந்தேன். அது எனக்குக் கூச்சமாக இல்லை. பல் விஷயம்தான் கூச்சமாக இருந்தது. மனுஷன் எதற்கு வெட்கப்படுவான் என்பதற்கு ஒரு நியாயமும் கிடையாது. மூக்கின் மேல் வலைமூடியை வைத்து மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இனிப்பாக ஒரு நாற்றம். அவ்வளவுதான்.

கண் விழித்தபோது வார்டில் இருந்தேன். வாயின் மேல் ஈரத் துணி மடித்துப் போட்டிருந்தது. நாக்கை நகர்த்தினேன். முன்னால் சந்து. வயிற்று வலியை விட அந்தச் சந்துதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"வாந்தி நிக்கற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது, பேசவும் கூடாது. துணிய யாரும் எடுக்காதீங்க" என்று நர்ஸம்மா என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் தடுப்புத் திரை ஒன்றை இழுத்துவிட்டு, நான் முதலில் சொன்னேனே, அந்தத் தட்டை எனக்கு மட்டும் தெரியும்படி காட்டினார். "இருக்குது. நாளைக்கி மாட்டிக்கலாம்" என்றார் மெதுவாக. அவருடைய வலது ஆள்காட்டி விரலில் கனமாக ஒரு கட்டு. அதை நான் பார்த்தேன், பார்த்ததோடு சரி. என் மானம் பத்திரமாக இருக்கிற சந்தோஷத்தில் இன்னொருவர் விரலைப் பற்றி யோசிக்க எனக்கு ஏது நேரம்?

மறுநாள் காலையும் நான் ஊமையாகவே கிடந்ததும் மச்சானுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வார்டு நடுவில் நர்ஸம்மாவை மறித்துக்கொண்டார்.

"வயித்துல ஆபரேசன், வாய எதுக்கு மூடி வெச்சிக்கினு இருக்கீங்க? நாக்குல கத்தி கித்தி பட்டுடுச்சா? தப்ப மறைக்கிறீங்களா? பெரிய டாக்டர்கிட்ட மனு குடுத்து உன் வேலய எடுக்காம போமாட்டேன்!"

'ங்க' போய் 'உன்' வந்துவிட்டது. வார்டே எழுந்து உட்கார்ந்து பார்த்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வேலை பிழைக்கும், என் மானம் போகும். சொல்லவில்லை. "சாயங்காலம் பேசுவாருங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். சம்பளத்தை நம்பி அவர் வீட்டில் எத்தனை பேரோ.

உடனே நான் துணியை எடுத்தேன் என்று எழுத ஆசைதான். இல்லை. மச்சான் மனு எழுதக் காகிதம் வாங்கக் கிளம்பும் வரைக்கும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிறகுதான் எடுத்தேன்.

"அவங்க மேல தப்பில்ல. எனக்குக் கட்டின பல்லு" என்றேன். பாதிக்கு மேல் காற்றாகத்தான் வந்தது. ஆனால் வாய் திறந்திருந்ததால் பேச்சு தேவைப்படவில்லை. மச்சான் என் வாயையே பார்த்தார். மல்லாட்டை முதல் மூட்டையிலேயே சொத்தை என்று கண்ட வியாபாரியின் முகம். என் மனைவி அழவில்லை, கோபிக்கவில்லை. முந்தானையால் என் எச்சிலைத் துடைத்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இன்னும் ஒரு வேள வாய மூடிக்கினு இருந்தா நானே மாட்டி உட்டிருப்பேன். அதுக்குள்ள இன்னா சார் அவசரம்?" என்று நர்ஸம்மா என்னைத்தான் அதட்டினார்.

அந்தச் சமயம் பார்த்து டாக்டர் வந்தார். "விரல் எப்படி இருக்கு?" என்று அவரைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "மயக்கத்துல உங்க பல்லுத் தகடு கழன்று தொண்டைக்குள்ள போயிடுச்சு. நிறுத்துங்க டாக்டர்னு இவங்க கத்தி, விரலை விட்டு எடுத்தாங்க. எடுக்கும்போது கடைவாயால கடிச்சிட்டீங்க. அப்பவும் கையை எடுக்கலை, தகட்டை எடுத்துக்கிட்டுத்தான் எடுத்தாங்க. தேங்காய்ப் பத்தையைக் கடிக்கிற மாதிரி கடிச்சிருக்கீங்க சார்."

தேங்காய் என்று ஏன்தான் சொன்னாரோ.

மச்சான் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அவருக்கு மன்னிப்புக் கேட்க வேறு முறை தெரியாது. நானும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நர்ஸம்மா அதைக் கேட்க நிற்கவில்லை. அடுத்த கட்டிலில் வானூர்ப் பக்கத்துக் கிழவர் ஒருவர், கூலிக்காரர். அன்றைக்கு அவருக்கு ஆபரேஷன்.

"கட்டின பல்லு இருக்குதா பெரியவரே?"

"இருக்கறதே ரெண்டு, அதுவும் சாமி குடுத்தது" என்றார் கிழவர். வார்டு சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே, யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல், வாயை அகலமாகத் திறந்து காட்டினார்.

நர்ஸம்மா அவர் சொன்னதை நம்பிவிடவில்லை. கட்டுப் போட்ட விரலை மடக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டு, அதற்கடுத்த விரலை உள்ளே விட்டார்.