இமெல்டா சுருக்கிச் சொன்னது

இமெல்டாவுக்கு ஐம்பத்துமூன்று வயது. மட்டக்களப்பில் பிறந்தவள், இருபது வருடமாக மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் இருக்கிறாள். பக்கத்துப் பியர்பொன்ட்ஸில் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகமொன்றில் சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கிற வேலை. அந்தப் பிள்ளைகளோடு கதைத்துக் கதைத்தே பிரெஞ்சு பழகியவள். அவளைக் கோபக்காரி என்று யாரும் சொன்னதில்லை.

கூட வேலைசெய்யும் சாருஜா கோடையில் தமிழ் ஆட்களைச் சேர்த்து நடைப்பயணம் கூட்டிப்போவாள். போன வருடம் பிரான்சின் தெற்குக் கரையில், கசிஸ் என்ற ஊர்ப் பக்கம், ஆறு நாள் நடை. முழங்கால் நோ என்று சொல்லி இமெல்டா வர மறுத்துவிட்டாள். பிறகொரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சாருஜா தன் போனில் ஆட்களின் பட்டியலைக் காட்டினாள். கடைசிப் பெயர் வலன்ரைன். ரொறொன்ரோ, இளைப்பாறிய மொழிபெயர்ப்பாளர். அன்று பின்னேரமே இமெல்டா தானும் வருவதாகச் சொன்னாள். அடுத்த மூன்று மாதமும் வேலை முடிந்ததும் ஆற்றங்கரையில் நடந்து காலைப் பழக்கினாள்.

அவளுடைய தம்பி றொபின்சனின் அகதி விசாரணை மொன்றியலில் நடந்தபோது மொழிபெயர்க்க வந்தவர் இந்த வலன்ரைன்தான். இராணுவம் தன்னை மூன்று தரம் பிடித்துக்கொண்டு போனதை றொபின்சன் அழுதழுது ஐந்து நிமிடம் சொன்னான். வலன்ரைன் அதை ஆங்கிலத்தில் ஒரே வரியில் முடித்தார்: அவரைப் பிடித்தார்கள், பிறகு விட்டார்கள். படிவத்தில் மூன்று தரம் என்று இருக்க, வாயால் ஒரு தரம்தான் வந்தது. இவன் சொல்வதை நம்ப முடியாது என்று தீர்ப்பானது. திருப்பி அனுப்பப்பட்டவனைக் கொழும்பு விமான நிலையத்திலேயே பிடித்து ஒன்றரை வருடம் உள்ளே வைத்தார்கள். இப்போது அவன் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. அன்று பின்வரிசை வாங்கில் இருந்த இமெல்டாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆங்கிலம் பிடிபட்ட பிறகு, வழக்கறிஞரிடம் வாங்கிய ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் நடந்ததை அறிந்தாள்.

எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்பது என்றுதான் கசிஸுக்குப் போனாள். முதல் நாள் வாய் வரவில்லை. வெள்ளைப் பாறைகளும், அவற்றின் இடுக்குகளில் பச்சையாகக் கிடந்த கடலும், பைன் மரங்களும் அவள் கண்ணில் படவேயில்லை. முன்னால் போன அவருடைய தொப்பியைப் பார்த்தபடியே நடந்தாள். மனிதர் கலகலப்பானவர். அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டு, தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

இரண்டாம் நாள், ஆட்கள் நடந்து நடந்து வழுக்கலாகிப்போன ஒரு பாறையில் அவர் விழுந்தார். கால் வீங்கிவிட்டது, போனும் உடைந்துவிட்டது. ஊர் டொக்டருக்கு ஆங்கிலம் வராது, வலன்ரைனுக்குப் பிரெஞ்சு வராது. மற்றவர்களைத் தான் கூட்டிப்போக வேண்டும் என்று, இமெல்டாவை அவரோடு அனுப்பினாள் சாருஜா.

எப்படி விழுந்தார், எங்கே நோகிறது, முன்பு எந்தக் காலில் அடிபட்டது என்று வலன்ரைன் நீளமாகச் சொன்னார். இமெல்டா டொக்டரிடம், விழுந்துவிட்டார் என்றாள். டொக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளக்கினார்: எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான், இரண்டு நாள் கழித்து மெதுவாக நடக்கலாம்.

"நடக்கக் கூடாதாம்," என்றாள் இமெல்டா.

"அவர் அவ்வளவு நேரம் கதைச்சவர். இவ்வளவுதானோ, தங்கச்சி?"

"ஓம். சுருக்கிச் சொன்னன்."

வெளியே வந்து டாக்சிக்குக் காத்திருக்கும்போது அவள் றொபின்சனின் பெயரைச் சொன்னாள், வருடத்தைச் சொன்னாள், அந்த ஐந்து நிமிடத்தையும் சொன்னாள். ஒரு நாளைக்கு மூன்று வழக்குப் பார்த்த காலம், முகங்கள் நினைவில்லை என்றார் வலன்ரைன்.

"ஆளை எனக்கு ஞாபகமில்லை, தங்கச்சி. என்னைப் பிழையா நினைக்காதேங்கோ."

"அவனுக்கு உங்கட குரல் இன்னும் ஞாபகமிருக்கு, அண்ணன்."

சுளுக்குத்தான் என்று டொக்டர் எழுதிக் கொடுத்த கடிதம் அவளுடைய பைக்குள் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

மிச்சம் நான்கு நாளும் வலன்ரைன் ஹோட்டல் அறையில் காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கிடந்தார். அந்த நான்கு நாளும் இமெல்டா எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். கடலை அப்போதுதான் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று சிரித்தாள்.

இமெல்டா மொன்றியலுக்குத் திரும்பி இரண்டு கிழமையில் வலன்ரைன் ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசி எடுத்தார். அது வெறும் சுளுக்கு என்று தன் டொக்டர் சொல்லிவிட்டாராம். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"பொய் சொல்லேல்ல. கொஞ்சம் விட்டிட்டன்," என்று இமெல்டா வைத்துவிட்டாள்.

அவர் சாருஜாவுக்கும் சொன்னார். ஒரு வயதான மனிதருக்கு இப்படிச் செய்யலாமா என்று சாருஜா ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அது இமெல்டாவை உறுத்தியது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ப் பாதரிடம் எல்லாவற்றையும், இந்தத் தடவை ஒன்றும் சுருக்காமல், சொன்னாள். செய்ததற்கு மனஸ்தாபப்படுகிறாயா, மனம் வருந்துகிறாயா என்று பாதர் கேட்டார்.

"இல்லை, பாதர். தேடிப் பாத்தன், இல்லை."

மனஸ்தாபம் இல்லாமல் மன்னிப்புத் தர முடியாது, அது வரும்போது வா, அதுவரை நற்கருணை வாங்காதே என்றார் அவர். இமெல்டா நன்றி சொல்லி எழும்பி வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நற்கருணைக்கு எல்லோரும் வரிசையில் போகும்போது அவள் வாங்கிலேயே இருக்கிறாள். இது ஏழாவது மாதம்.