விரிசல் விட்ட கோப்பையும் இரண்டு கப்பல்களும்

துர்க்குவில் எங்கள் சமையலறைப் பாத்திர அலமாரிக்கு அடிப்பலகை கிடையாது. கழுவும் தொட்டிக்கு நேர் மேலே சுவரில் தொங்குகிறது. கழுவிய தட்டை ஈரத்தோடு கம்பிகளுக்கு நடுவே சொருகிக் கதவைச் சாத்திவிட வேண்டும். நீர் தானாகத் தொட்டியில் சொட்டிவிடும். ஃபின்லாந்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். வந்த புதிதில், அலமாரி செய்தவர் அடிப்பலகை வைக்க மறந்துவிட்டார் என்று நினைத்து வீட்டுக்காரருக்குப் புகார் எழுதினேன். அவர் நேரில் வந்தார். அலமாரியைத் திறந்தார், பார்த்தார், மூடினார். “தண்ணீர் கீழே போகிறது” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். புகார் என்னவென்று அவருக்குப் புரியவில்லை, பதில் என்னவென்று எனக்குப் புரியவில்லை. அது நடந்து பதினான்கு வருடம் ஆகிறது.

அந்த அலமாரியில் ஒவ்வொரு தட்டையும் சொருகுவதற்கு முன் என் மனைவி செல்வி விரல் நகத்தால் ஒரு தட்டு தட்டிக் காதில் வாங்கிக்கொள்வாள். நாங்கள் விருத்தாசலம். செராமிக் டிப்ளமா முடித்து, ஊரிலேயே ஒரு பீங்கான் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவள் அவள். மின்கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற வெள்ளைப் பீங்கான் குப்பிகள் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். நல்ல பீங்கான் தட்டினால் மணி மாதிரி இழுத்து ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ‘டக்’கென்று செத்துப்போகும். தட்டிப் பார்த்த பிறகுதான் முத்திரை. தட்டாமல் முத்திரை குத்துவதை விடப் பெரிய குற்றம் அந்தக் கம்பெனியில் கிடையாது. அந்தக் காதை நம்பித்தான் துர்க்குவில் ஒரு தொழிற்சாலை அவளுக்கு வேலை கொடுத்தது. ஊரில் ஒரு தினசரியின் நிருபராக இருந்த நான் அவளுடைய துணையாக வந்தேன். இப்போதும் பத்திரிகைத் துறையில்தான் இருக்கிறேன்: விடியற்காலையில் வீடு வீடாகப் பேப்பர் போடுகிறேன். போடுவதற்கு முன் தலைப்புகளை எழுத்துக் கூட்டிப் படித்தே எனக்கு ஃபின்னிஷ் வந்தது. செல்விக்கு அதில் உறுதியாகத் தெரிந்த சொற்கள் இரண்டு. ‘ஹ்யூவா’ என்றால் நல்லது. ‘ரிக்கி’ என்றால் உடைந்தது. தொழிற்சாலையில் மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் நடந்துவிடுகிறது.

எங்கள் மகள் யாழினி, உடன் வேலை பார்க்கும் மிக்கோ என்ற பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னபோது, செல்வி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள். எட்டு மாதம் அதே பதில். நீ சொல்லாமல் தேதி குறிக்க மாட்டேன் என்று மகளும் உறுதியாக இருந்தாள். “பையன் தங்கமானவன்தான். அவங்க அப்பா அம்மா எப்படின்னு தெரிய வேணாமா? வந்தா ஒரு வார்த்த பேச மாட்டேங்குறாங்க. தட்டிப் பாத்தாக்கூட சத்தம் வராது போலருக்குது” என்பாள் செல்வி. மிக்கோவின் அப்பா எஸ்கோ ஓய்வு பெற்ற தபால்காரர். அம்மா ரித்வா பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டுக்கு மூன்று முறை வந்திருக்கிறார்கள். மூன்று முறையும் காப்பி குடித்தார்கள், நன்றி சொன்னார்கள், போனார்கள்.

கடைசியில் அவர்களே ஒரு யோசனை சொன்னார்கள். துர்க்குவிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குக் கப்பலில் போய், இறங்காமல் அப்படியே திரும்பி வருவது. இங்கே பிறந்தநாள், கல்யாண நாள், ஓய்வு பெறுவது எல்லாவற்றுக்கும் கப்பல்தான். இறங்காத ஊருக்கு எதற்கு டிக்கெட் என்று செல்வி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. கப்பல் பத்து மாடி. உள்ளே கடைத்தெரு, கரோக்கே மேடை, எண்பது வயதுத் தம்பதிகள் ஆடும் நடன அரங்கு எல்லாம் இருந்தன. வெளியே ஆயிரம் குட்டித் தீவுகள் கடந்து போயின, ஒருவரும் பார்க்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கு வரிசை நின்றது. ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு கட்டில் போடலாம். அந்த இடைவெளியைக் காலியிடம் என்று நினைத்து நான் போய் நின்றேன். பின்னால் இருந்தவர் எதுவும் சொல்லாமல் இன்னும் ஓர் அடி பின்வாங்கி இடைவெளியைச் சரிசெய்துகொண்டார்.

எஸ்கோ என்னைச் சவுனாவுக்கு அழைத்தார். கொதிக்கிற கல்லில் தண்ணீர் ஊற்றி, அந்த ஆவியில் உட்கார்ந்திருக்கும் மர அறை. நான் இடுப்பில் துண்டோடு போனேன். எஸ்கோ வந்த கோலத்தை அச்சில் ஏற்ற எந்த ஆசிரியரும் சம்மதிக்க மாட்டார். அரை மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு முறை “சூடு” என்றார். நான் “ஆமாம்” என்றேன். அதில் அவருக்குப் பரம திருப்தி.

“என்ன பேசினீங்க?” என்று செல்வி ஆவலாகக் கேட்டாள்.

“ஒண்ணும் பேசல.”

“அர மணி நேரம் துணியில்லாம ஒக்காந்துட்டு ஒண்ணும் பேசலியா?”

மறுநாள் திரும்பும் வழியில், சாப்பாடு முடிந்து காப்பி வந்தபோதுதான் அது நடந்தது. நீளமான மேசை. எஸ்கோவின் உறவினர்கள் பதினொரு பேர் வந்திருந்தார்கள். செல்வி தன் கோப்பையைக் கையில் எடுத்தாள். எல்லா இடத்திலும் செய்வதைத்தான் செய்தாள்: ஸ்பூனால் இரண்டு தட்டு தட்டினாள். ‘டக்’, ‘டக்’. அவ்வளவுதான். பதினொரு பேரும் ஸ்பூனைக் கீழே வைத்தார்கள். பக்கத்து மேசையில்கூட ஒருவர் திரும்பிப் பார்த்தார். விருந்தில் யாராவது கோப்பையைத் தட்டினால் எழுந்து பேசப் போகிறார் என்று இந்த நாட்டில் பொருள். இந்தப் பக்கம் சம்பந்தியம்மா, எட்டு மாதமாகப் பதில் சொல்லாதவர், கோப்பையைத் தட்டியிருக்கிறார். ரித்வா இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு செல்வியின் முகத்தையே பார்த்தார்.

அத்தனை பேரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு செல்வி கோப்பையை உயர்த்திக் காட்டினாள். “இதுல விரிசல் இருக்குது. ஒதடு கிழியும். மாத்தச் சொல்லு” என்றாள் மகளிடம்.

யாழினி எழுந்து நின்று ஃபின்னிஷில் மொழிபெயர்த்தாள். மூலம் மூன்று சிறு வாக்கியம். மொழிபெயர்ப்பு ஒரு நிமிடம் ஓடியது. அதில் ‘குடும்பம்’ இரண்டு முறை வந்தது, ‘நல்வரவு’ ஒரு முறை வந்தது. நான் நிமிர்ந்தேன். மேசைக்கு அடியில் மகள் என் காலை அழுத்தி மிதித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். எஸ்கோ எழுந்து, “நன்றி. கேட்டோம்” என்றார். அது அவருடைய வாழ்நாளின் நீண்ட சொற்பொழிவுகளில் ஒன்று என்று பின்னால் மிக்கோ சொன்னான்.

செல்விக்கு ஒரே வியப்பு. “நம்மூர்ல கப்பு ஒடஞ்சிருக்குதுன்னு சொன்னா மூஞ்சத் தூக்கி வச்சுக்குவாங்க. இங்க பாரு, கை தட்டுறாங்க. அதான் இந்த நாடு நல்லாருக்குது” என்றாள். தவறான செய்தி என்று தெரிந்தும் நான் திருத்தம் போடவில்லை. நிருபராக இருந்த காலத்தில் ஓர் ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டதற்கே மறுநாள் திருத்தம் எழுதியவன் நான்.

அவர்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு முடிந்துவிட்டதாக நினைத்தார்கள். எங்கள் வீட்டில் செல்வி இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். “எங்கண்ணன் பாக்காம நான் எப்படிச் சொல்றது?” என்றாள். கருவேப்பிலங்குறிச்சியில் நெல்லும் கரும்பும் வைத்திருக்கும் ராஜேந்திரன், என் மச்சான், போனில் ஒரே வரியில் முடித்தார். “அவங்க கப்பல்ல கூட்டிட்டுப் போனாங்கன்னா நாமளும் கப்பல்லதான் கூட்டிட்டுப் போவணும் மாப்ள. பஸ்ஸுல கூட்டிட்டுப் போனா நல்லாருக்குமா?” அப்படித்தான் அடுத்த விடுமுறையில் ரித்வாவும் எஸ்கோவும் மிக்கோவும் சென்னைத் துறைமுகத்தில் எங்களோடு நின்றார்கள். இந்தக் கப்பலும் எங்கேயும் இறக்கிவிடாது. இரண்டு நாள் வங்கக் கடலைச் சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வந்துவிடும். அந்த ஒன்றில் மட்டும் இரண்டு கப்பலும் ஒன்று.

மச்சான் விருத்தாசலத்திலிருந்து ரயிலில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழத்தோடு ஒரு தேங்காயும் கொண்டுவந்திருந்தார். எக்ஸ்ரே எந்திரத்தில் தேங்காய் மாட்டிக்கொண்டது.

“முழுத் தேங்கா உள்ள வுட மாட்டோம் சார்.”

“ஏங்க, தேங்கா இல்லாம சம்மந்தம் பேசுறதா? நீங்களே சொல்லுங்க.”

“கப்பல்ல ஒடைக்கக் கூடாதுங்க.”

“ஒடைக்க மாட்டேங்க. சும்மா கூட இருக்கட்டும்.”

காவலருக்கும் மனசு கேட்கவில்லை. தேங்காயை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுத்தார். தேங்காய்க்கு டோக்கன் வாங்கிய முதல் விவசாயி தானாகத்தான் இருக்கும் என்று மச்சான் இரண்டு நாளும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் கப்பலில் வரிசைகளுக்கு இடைவெளி கிடையாது. பின்னால் நின்றவரின் மூச்சு கழுத்தில் பட்டபோது எஸ்கோ நாகரிகமாக ஓர் அடி முன்னே போனார். மூச்சும் ஓர் அடி முன்னே வந்தது. கரை மறைவதற்குள் ஏழு பேர் அவருடைய சம்பளத்தைக் கேட்டுவிட்டார்கள். சவுனா இல்லை. நீச்சல் குளம் இருந்தது. அதில் சுடிதாரோடும் லுங்கியோடும் ஒரு கிராமமே இறங்கியிருந்தது. வெளியே கடலைத் தவிர ஒன்றுமில்லை, எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மேல்தளத்து ஒலிபெருக்கி ஓயவேயில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவே மச்சான் எஸ்கோவின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, வெள்ளாற்றில் தண்ணீர் வந்தது, வராதது எல்லாவற்றையும் தமிழில் இரண்டு மணி நேரம் சொன்னார். எஸ்கோ இடையிடையே தலையசைத்தார். “தங்கமான மனுசன் மாப்ள. குறுக்கப் பேசல” என்றார் மச்சான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டில் செல்வி தட்டைத் தட்டிப் பார்த்தாள். பீங்கான் இல்லை, பிளாஸ்டிக் மாதிரியான மெலமைன் தட்டு. ‘டொக்’ என்றது. “இதுல நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது” என்று உதட்டைப் பிதுக்கினாள். அதைப் பார்த்த ரித்வாவுக்கு முகம் மலர்ந்தது. கூச்சத்தோடு ஆங்கிலத்தில், அன்று கப்பலில் நீங்கள் பேசியதை நான் மறக்கவில்லை என்றார். “இந்தக் கோப்பையில் சின்ன விரிசல் இருக்கிறது. விரிசல் இல்லாத குடும்பம் எங்கேயும் இல்லை. எங்கள் குடும்பத்துக்கு மிக்கோ நல்வரவு. எவ்வளவு அழகாகச் சொன்னீர்கள்!”

செல்வி மகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சாம்பாரைப் பார்த்தேன்.

“நான் சொன்னது, ஒதடு கிழியும், மாத்தச் சொல்லுன்னு” என்றாள். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “நான் தட்டிப் பாக்காத சரக்குல என் முத்திரயக் குத்திருக்கா. அப்பனும் கூட்டு.”

“அப்ப நீ சம்மதம்னு சொன்னியா, சொல்லலியா?” என்றார் மச்சான், அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டு.

“சொல்லவேயில்லண்ணே.”

யாழினி அழ ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் அவளே ஃபின்னிஷில் ரித்வாவிடம் சொன்னாள். இந்த முறை மொழிபெயர்ப்பு மூலத்தின் அளவிலேயே இருந்தது. எட்டு மாதமும் ஒரு பொய்யும் மேசை மீது கிடந்தன. ரித்வா எழுந்து தன் அறைக்குப் போனார். போச்சு என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு கம்பளிக் காலுறை இருந்தது. அதற்குள் அந்தக் கோப்பை. அன்றே பரிமாறுகிறவரிடம் கேட்டு வாங்கி, சம்பந்தியம்மாவுக்குக் கொடுக்க ஏழு கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார். செல்வி வாங்கி நகத்தால் தட்டினாள். ‘டக்’.

“ரிக்கி” என்றாள், விட்டுக்கொடுக்காமல்.

“ரிக்கி” என்றார் ரித்வா. பிறகு மெதுவாகச் சொன்னார், மிக்கோ ஆங்கிலத்தில் மாற்றினான்: அன்றைக்கே எனக்கும் சத்தம் கேட்டது. முப்பது வருடம் பள்ளிப் பிள்ளைகளின் கோப்பைகளைத் தட்டிப் பார்த்துத்தான் அடுக்கினேன். கோப்பை உடைந்தது என்றுதான் சொல்கிறார் என்று நினைத்தேன். மொழிபெயர்ப்பு நீளமாக இருந்தது. சரி, நமக்குத்தான் புரியவில்லை என்று விட்டுவிட்டேன்.

செல்வி மேசையில் இருந்த மெலமைன் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். ரித்வா விரலை மடக்கி ஓரத்தில் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். அச்சு அசலாகச் செல்வி அரை மணி நேரத்துக்கு முன் பிதுக்கிய மாதிரி.

செல்வி சிரித்துவிட்டாள். “இவங்களுக்குக் காது இருக்குதுண்ணே. பேச்சு வரலேன்னா என்ன?” பிறகு ரித்வாவின் முழங்கையைப் பிடித்து, “ஹ்யூவா” என்றாள். “எனக்குச் சம்மதம்.”

“அடிப்பாவி, நான் பாத்துச் சொல்றதுக்குல்ல வந்தேன்?” என்றார் மச்சான். “டோக்கன் வாங்குனதுதான் மிச்சமா?”

இந்த முறை முறைப்படியே அறிவிக்க வேண்டும் என்று செல்வி ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து ஸ்பூனால் நன்றாகத் தட்டினாள். ஒருவரும் திரும்பவில்லை. ஒலிபெருக்கி அலறியது. பணியாள் ஓடிவந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். மூன்று ஃபின்லாந்துக்காரர்கள் மட்டும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி, அவள் பேசட்டும் என்று காத்திருந்தார்கள்.

கரையிறங்கி டோக்கனைக் கொடுத்துத் தேங்காயை வாங்கினோம். மச்சான் அதையும் தட்டிப் பார்த்துவிட்டுத் துறைமுக வாசலில் உடைத்தார்.

கோப்பை எங்களோடு துர்க்குவுக்கு வந்தது. வந்ததும் சிக்கல். உடைந்த பாத்திரம் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்றாள் செல்வி. அன்பளிப்பை வெளியே போடக் கூடாது என்றார் ரித்வா. இருவரும் ஒரு சனிக்கிழமை இரண்டு சொற்களிலும் கை ஜாடையிலும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். எங்கள் பால்கனிக்கு வெளிப்பக்கமும் கண்ணாடிக் கதவுகள் உண்டு. சாத்தினால் அது வீடு, திறந்தால் வெளி. கோப்பை அங்கேதான் இருக்கிறது. பேப்பர் போட்டுவிட்டுத் திரும்பும்போது கீழேயிருந்தே எனக்குத் தெரியும். செல்வி வேலைக்குக் கிளம்பும் முன் அதை எடுத்து நகத்தால் ஒரு தட்டு தட்டுவாள். “ரிக்கி” என்பாள். அதே இடத்தில் திரும்ப வைத்துவிட்டு, “இருக்கட்டும்” என்பாள்.