பச்சையாய்த் தெரிந்த ஏரி

நாமகிரிப்பேட்டைப் பக்கத்து ஏரி ஒன்றின் கரைமேல் ராசிபுரம் ரோட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். அந்த ஏரிக்குள் மூன்று வாரம் சீமைக்கருவேலம் வெட்டி, செங்கல் சூளைக்கு விறகு ஏற்றினேன். அன்று மதியம் போதும் என்று கிளம்பிவிட்டேன். பாதத்தில் முள் ஒடிந்து உள்ளேயே நின்றிருந்தது. நடக்க முடிந்தது, நடந்தேன்.

கரையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒரு பெண் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கீழே மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, முள்ளுக்கெல்லாமா போட்டோ?"

"இந்தத் தோப்பை எடுக்கறேங்க்கா."

"தோப்பா? எங்க ஏரிங்க அது."

அந்தப் பெண் போனைக் காட்டினார். இந்தப் பக்கத்து ஆற்றுக்கு எந்தெந்த ஊர்களிலிருந்து மழைத்தண்ணீர் வருகிறதோ அவற்றையெல்லாம் வானத்திலிருந்து எடுத்த படங்கள் அவை. இருபது வருடத்துக்கு முந்தையது ஒன்று, இப்போதையது ஒன்று. எங்கே வயல் வீடானது, எங்கே ஏரி போனது என்று குறிப்பது அவர் வேலை. எந்த ஏரியைத் தூர்வாருவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். பழைய படத்தில் இந்த இடம் நீலம். புதியதில் பச்சை. ஏரி தோப்பாகிவிட்டது என்று எழுதியிருந்தார்.

அக்கா களைக்கொத்தைப் போட்டுவிட்டுக் கரைமேல் ஏறி வந்தார். "இதுல தண்ணி நின்னாத்தானுங்க எங்க கெணத்துல ஊறும். தோப்புனு எழுதிட்டா அப்புறம் யாருங்க தூர்வாருவாங்க?"

"இனிமேல் தண்ணி நிக்குமாக்கா? மதகே காணோமே."

அந்த மதகுக் கல்லில்தான் தினமும் என் சோற்றுத் தூக்கைத் தொங்கவிட்டேன். சொன்னேன். அந்தப் பெண் உடனே காட்டச் சொன்னார். அரிவாளால் முள்ளை ஒதுக்கிக்கொண்டே உட்சரிவில் இறங்கினேன். பின்னால் துப்பட்டா கிழியும் சத்தம் கேட்டது. திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. இரண்டு கல்தூண்களும் அசையாமல் நின்றன. கையால் தள்ளிப் பார்த்தார், படமெடுத்தார், போனில் 'தோப்பு' என்றிருந்ததை அழித்து 'ஏரி' என்று எழுதினார்.

மேலே ஏறியதும் கரையில் உட்கார்ந்து போனில் மற்ற படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இதே மாதிரி பச்சை இன்னும் பதினொண்ணு இருக்குங்க. எல்லாத்தையும் ரோட்டுல நின்னு பார்த்துட்டு எழுதிட்டேன்."

"விடுங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்றேன். பல வேலைகளை நான் அப்படித்தான் விட்டு வந்திருக்கிறேன்.

"ஒவ்வொண்ணுக்குக் கீழேயும் இந்த அக்கா மாதிரி ஒருத்தர் இருப்பாங்களே."

ஆபீசுக்குப் போன் போட்டார். "நாளைக்கு வரைபடம் தர முடியாது சார். நான் தப்பா எழுதியிருக்கேன், மறுபடி நடந்து பார்க்கணும்." அந்தப் பக்கம் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. அவர் அதையே இன்னொரு முறை நிதானமாகச் சொன்னார். தன் தப்பை இப்படிச் சொன்ன மேஸ்திரி ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

நான் நொண்டுவதைப் பார்த்து அக்கா தாலிக்கயிற்றிலிருந்த ஊக்கைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "ஏரியைக் கண்டுபிடிச்சீங்க, கால்ல இருக்கற முள்ளக் கண்டுபிடிக்க மாட்டீங்களாட்டிருக்குது."

முள் வந்தது. அந்தப் பெண் என் அரிவாளைப் பார்த்தார். "நாளைக்கு வர்றீங்களா?"

மறுநாள் காலை, ராசிபுரத்துக்கு வடக்கே இரண்டாவது பச்சைக்குள் முள் வெட்டி வழிவிட்டுக்கொண்டு போனேன். பின்னால் போனைப் பார்த்தபடி அவர் "இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்" என்றார்.