குழாயைப் பேசவிட்ட பூங்கொடி

பூங்கொடியின் இரங்கல் கூட்டத்தில் நானும் பேசினேன், ஒன்றை மட்டும் சொல்லாமல். அவரை அறிந்த உங்களுக்கு அதை இங்கே எழுதுகிறேன்.

நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டார் என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. இனி அவர் போனில் பேசும் வீடுகள் எனக்கு வரும் என்பதுதான் என் முதல் நினைப்பு.

அவிநாசி, வெள்ளகோவில் பக்கத்துக் கிராமங்களுக்குக் கோவையிலிருந்து போன் செய்து, ஊராட்சிக் குடிநீர் வருகிறதா என்று கேட்டுப் பதிவதே எங்கள் வேலை. நான் கேட்டால் எல்லோரும், “நல்லாத்தான் வருதுங்க,” என்பார்கள். யாரையும் குறை சொல்லிவிடக் கூடாதென்ற மரியாதை. பூங்கொடி அப்படிக் கேட்கவே மாட்டார்.

“ஏனுங்கக்கா, போனைக் குழாய்கிட்டக் கொண்டுபோய்த் தொறந்து உடுங்க. நானே கேட்டுக்கறேன்.”

மறுமுனையில் சிரிப்பு. “காத்துத்தான் வருது அம்மணி.”

“காத்து வருதுன்னே எழுதிப்போடறனுங்க.”

யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. லாரித் தண்ணீர் மட்டும் இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தது. இத்தனை புத்தகம் படித்த எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வயிறு எரிந்தது.

ஆய்வுக் கூட்டத்தில் அந்த முறையைத் திரையில் காட்டி விளக்கியது நான். “உங்க யோசனையா மேடம்? அருமை,” என்றார் அதிகாரி. பூங்கொடி பக்கத்து நாற்காலியில் இருந்தார். நான் சிரித்தேன். பயிற்சிக் கையேட்டில் அது என் பெயரோடு அச்சானது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சொன்னார்: “உங்களுக்குச் சிரிக்கவே நேரம் சரியாப் போச்சுங்க. பேச எங்க நேரம்?” கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரங்கல் கூட்டம் நடந்த நேரம் முழுக்க அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. வாராவாரம் அவர் பேசிய வீடுகள். வாசலில் நின்று அவர் தங்கை ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். எனக்கு இப்படி யார் கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது என் முறை வந்தது. எழுந்து அவருடைய பொறுமையைப் புகழ்ந்துவிட்டு உட்கார்ந்தேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த யோசனைதான். கொடுத்ததல்ல, நான் எடுத்தது. இப்போதும் அதை நான் யோசித்திருக்கக் கூடாதா என்றுதான் இருக்கிறது.

இரங்கல் கூட்டத்துக்கு மறுநாள், அது பூங்கொடியின் யோசனை என்று அதிகாரிக்கு எழுதினேன். கையேட்டின் அடுத்த பதிப்பில் திருத்துவதாகப் பதில் வந்தது. இந்த வாரம் புதிய பதிப்பு வந்தது. அதிலும் என் பெயர்தான் இருக்கிறது.