உலகமே பார்த்த எங்கள் கார்

என் வீட்டுக்காரர் எங்கே போகிறார் என்பதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்க்கத்தான் ஆள் இல்லை.

அமெச்சூர் வானொலிதான் அவருக்குப் பொழுதுபோக்கு. காரில் ஒரு பெட்டி பொருத்தி வைத்திருக்கிறார். கொஞ்ச நேரத்துக்கொரு தரம் அது, கார் நிற்கும் இடத்தை வானொலியில் கத்திச் சொல்லும். மலை உச்சியில் உள்ள ஒரு நிலையம் அதைக் கேட்டுத் திருப்பிக் கத்தும். குண்டசாலையில் எங்கள் வீட்டு அலுமாரி மேல் இருக்கும் ரேடியோ அதைப் பிடித்து இணையத்தில் ஏற்றிவிடும். உடனே வரைபடத்தில் ஒரு புள்ளி நகரும். ஐயா பிலிமத்தலாவைக்கு ஆணி வாங்கப் போன வீரப் பயணத்தை அகிலம் கண்டுகளித்தது அப்படித்தான்.

"ஏங்க, இதனால யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டால், "அவசரத்துக்கு உதவும்" என்பார். குசினியில் ஒழுகும் குழாய் மட்டும் அவசரத்தில் சேராது. வேலையில்லாதவன் பூனையைப் பிடித்துச் சிரைத்தானாம்! ரேடியோவுக்கென்று தனியாக ஒரு கார் பெட்டரி வேறு. கரண்ட் போனாலும் அது சாகக் கூடாதாம். ஃப்ரிட்ஜில் மீன் நாறினால் பரவாயில்லை.

போன மழைக்காலத்தில், பன்வில தோட்டத்தில் இருக்கும் என் நாத்தனாரின் லய வீட்டுக்குப் பின்னால் மண் வெடித்து, சரிகிற நிலையில் இருந்தது. "அக்காவைக் கூட்டிட்டு வந்துர்றேன்" என்று காலையில் காரை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் அவர் ஃபோன் செத்துவிட்டது. அந்தப் பக்கம் ரோட்டில் மண்மேடு சரிந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என் ஃபோனில் அந்த வரைபடத்தைத் திறந்தேன். பன்விலயிலிருந்து கொஞ்ச தூரம் இறங்கிய புள்ளி, ஒரு வளைவில் அப்படியே நின்றது.

கட்டாரிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, புள்ளி அசையலம்மா!" அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "அழாத, மூதேவி" என்று சொல்லிவிட்டு நானும் அழுதேன்.

எங்கள் வீட்டிலும் கரண்ட் போய் வெகுநேரமாகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. கரண்ட் இல்லாவிட்டால் வீட்டு இணையமும் இல்லை. ரேடியோ கேட்டாலும் வரைபடத்துக்குச் சொல்ல வழியில்லை! புள்ளி நின்றது அதனாலேயே இருக்கலாம். அலுமாரிக்கு ஓடினேன். பெட்டரியின் தயவில் ரேடியோ மட்டும் உயிரோடு இருந்தது. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவழியாக அது 'கர்ர்' என்றது. திரையில் எங்கள் காரின் அடையாளக் குறி மின்னியது.

"கார் பேசிருச்சுடி!" என்று மகளிடம் கத்தினேன். சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தேன். அந்தப் பெட்டி தானாகக் கத்துகிற பெட்டி. உள்ளே ஆள் இருக்கிறானா என்று அது பார்க்காது. மண்ணுக்கடியில் கிடந்தாலும் பெட்டரி தீரும்வரை கத்தும். கார் சுகமாக இருக்கிறது, சந்தோஷம். நான் கழுத்தை நீட்டியது காருக்கு இல்லையே!

கார் ரேடியோவும் அதே அலைவரிசையில்தான் திறந்திருக்கும். கிட்ட வந்திருந்தால் என் குரல் கேட்கும். அதுவரை தொட்டுப் பார்க்காத மைக்கை எடுத்தேன். பொத்தானை அழுத்தி, "என்னங்க! இருக்கீங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க!" என்று கத்தினேன். வெறும் இரைச்சல். "அட, வாயைத் திறங்களேன்!"

இரைச்சலைக் கிழித்துக்கொண்டு குரல் வந்தது.

"யாரைக் கேட்டு மைக்கைத் தொட்ட? இது டேட்டா போற அலைவரிசை. இதுல பேசக் கூடாது. அதுலயும் உனக்கு லைசன்ஸ் இல்ல. மரம் விழுந்து ரோடு அடைச்சிருச்சு, அதான் லேட்டு. அக்காவும் நானும் வத்தேகம வந்துட்டோம். வையி மைக்கை!"

மண் மூடியதாக நான் பாதி நம்பிவிட்ட மனுசன் எனக்குச் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். மறுபடியும் பொத்தானை அழுத்தினேன்.

"சரிங்க, நான் பேசல. நீங்க திட்டிக்கிட்டே வாங்க."